உள்ளமும் உடலும் சுற்றமும்

(சௌல்தாரியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் நோயைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். பாட்டும் நடனமும் நிகழவிருக்கும் மேடை இது. குழந்தைகள் காலில் சலங்கை கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் காத்திருக்கின்றார்கள். அவர்களை நெடுநேரம் காக்க வைப்பது எம் நோக்கமன்று. ஆயினும், சென்ற ஆண்டு இதே விழாவிற்காக நாம் பந்தல் இட்டுக்கொண்டிருந்த நாட்களில், நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் நிகழ்ந்ததை எண்ணும்போது, இதனை இம்மேடையில் பேசாமல் வேறெங்குப் பேசுவது என்று தோன்றிற்று.

உள்ளம் நோவுற்றால் உடலும் நோவுறும் என்பதை நம் தாய்மொழி நெடுநாளாகவே அறிந்து வைத்திருக்கின்றது. அச்சம் வந்தால் நமக்குக் குலை நடுங்குகின்றது. வயிற்றில் புளியைக் கரைக்கின்றது. ஆற்றாமை வயிற்றெரிச்சல் ஆகின்றது. துயரம் நெஞ்சை அடைக்கின்றது, தொண்டையைக் கட்டுகின்றது. நெடுநாள் பிரிந்திருந்த பிள்ளை வாயிலில் வந்து நின்றால் தாய்க்கு வயிறு குளிர்கின்றது. கடன் தீர்ந்தால் தலைச்சுமை இறங்கிற்று என்கின்றோம். இவையெல்லாம் பேச்சுக்கு அழகு செய்யும் சொற்கள் என்று நாம் எண்ணியிருப்போம். அவ்வளவே அன்று. மருத்துவரிடம் செல்லும் நம் மக்களுள் எத்தனை பேர் “என் மனம் சரியில்லை” என்று சொல்கின்றார்கள்? “நெஞ்சை அடைக்கிறது, வயிறு எரிகிறது, உடம்பெல்லாம் குடைகிறது” என்றே சொல்கின்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. வலி மெய்யானது. அது புறப்பட்ட இடந்தான் வேறு.

அவ்வீட்டின் கதைக்கு வருவோம். கட்டட வேலைக்கென்று இத்தீவுக்கு வந்து, மனையும் மக்களும் கண்டு, பல ஆண்டுகளாக நம்மோடு வாழ்ந்துவரும் அன்பர் ஒருவர். தாய் நோயுற்றார் என்ற செய்தி ஒரு மாலையில் ஊரிலிருந்து வந்தது. அடுத்த கப்பலுக்கு நாட்கள் இருந்தன, சீட்டும் இல்லை. கிடைத்தாலும் சென்னைத் துறைமுகம் சேர மூன்று நாள். வானூர்திக் கட்டணமோ அவ்வாரத்தில் அவர் எட்டிப் பிடிக்கக்கூடியதாக இல்லை. மறுநாள் விடியலில் தாய் மறைந்தார். தலைமகன் கொள்ளி வைக்க இயலவில்லை, இளையவர் வைத்தார். கைப்பேசியின் சிறு திரையில், அடிக்கடி அறுபட்ட படத்தில், மூத்தவர் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கள் சென்றது. வயிற்றெரிச்சல் தொடங்கிற்று, பின்னர் நெஞ்சுவலி, பின்னர் உறக்கமின்மை. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சின் துடிப்பை வரைந்து பார்த்தார்கள். வயிற்றினுள் குழாய் விட்டும் பார்த்தார்கள். “ஒன்றும் இல்லை” என்றார்கள். அச்சொல் அவருக்கு ஆறுதல் தரவில்லை, மேலும் வாட்டிற்று. ஒன்றும் இல்லையென்றால் வலிப்பது எது? நடிக்கின்றேன் என்கின்றார்களா? வேலைக்குப் போகும் நாள் குறைந்தது. கடன் ஏறிற்று. முன்னர் அவ்வீட்டில் இல்லாத குடியும் மெல்ல நுழைந்தது.

அந்நாட்களில் நாம் எங்கிருந்தோம்? இரண்டு தெரு தள்ளிப் பந்தற்கால் நட்டுக்கொண்டிருந்தோம். நன்கொடைப் புத்தகத்துடன் அவர் வீட்டுக்கும் சென்றோம். அவர் மனைவியார் வெளியே வந்து பணம் தந்தார். “அவருக்கு உடம்பு சரியில்லைங்க” என்றார். “பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா” என்று சொல்லி, பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தோம். உள்ளே சென்று அவரை ஒருவரும் பார்க்கவில்லை. அவ்வாயிலில் நின்றவருள் இவ்வுரை நிகழ்த்துவோரும் உண்டு. அன்பரின் இசைவு பெற்றே இதனை இங்குச் சொல்கின்றோம்.

பின்னர் ஓர் இளம் மருத்துவர், தாள்களையெல்லாம் ஒருபுறம் வைத்துவிட்டு, “இது எப்போது தொடங்கிற்று? அதற்குச் சற்று முன்னர் வீட்டில் என்ன நடந்தது?” என்று வினவினாராம். அவ்வொரு வினாவை அவர் கேட்கப் பெறுவதற்கு எட்டுத் திங்கள் சென்றன.

துயரம் வயிற்றை எரிப்பது எவ்வாறு? இதற்கு மருத்துவம் கூறும் விடை கடினமானதன்று. நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி கவிழ்த்தாற்போல் இரண்டு சிறு சுரப்பிகள் அமர்ந்திருக்கின்றன. காட்டுப்பன்றி எதிர்ப்பட்டால் அவை அட்ரினலினையும் கார்ட்டிசாலையும் இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, இரத்த அழுத்தம் ஏறுகின்றது, சர்க்கரை கூடுகின்றது, செரிமானம் தன் வேலையை நிறுத்தி வைக்கின்றது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் ஆயத்தமாகின்றது. பன்றி காட்டுக்குள் மறைந்ததும் எல்லாம் அடங்கிவிடும். கடன் அவ்வாறு காட்டுக்குள் ஓடுவதில்லை. கொள்ளி வைக்க இயலாத குறையும் ஓடுவதில்லை. அச்சுரப்பிகளுக்குப் பன்றியும் கடனும் ஒன்றே. திங்கட்கணக்கில் அவை ஓய்வின்றிச் சுரந்தால் இரத்த அழுத்தம் இறங்க மறுக்கும், நீரிழிவு கட்டுக்கடங்காது, நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும். ஏன்சு செலியே என்னும் ஆராய்ச்சியாளர் 1936-ஆம் ஆண்டிலேயே, கனடா நாட்டு மாண்ட்ரியால் நகரில் எலிகளை ஆய்ந்து, துன்பம் எவ்வகையினதாயினும் உடல் ஒரே பாங்கில் நைகின்றது என்று எழுதினார்.

இங்கிலாந்தில், 55 வயது கடந்து மனைவியை இழந்த ஆடவர் 4,486 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1969-இல் அதன் முடிவு வெளிவந்தது. மனைவி மறைந்த முதல் ஆறு திங்களுக்குள் அவர்களுள் 213 பேர் இறந்தனர். அதே வயதில் மனைவியோடு வாழும் ஆடவரிடையே எதிர்பார்க்கத்தக்க அளவினும் இது 40 விழுக்காடு மிகுதி. இறந்தோருள் பலரைக் கொண்டுசென்றது நெஞ்சு நோய். நெஞ்சு உடைந்து போனார் என்று நம் பாட்டிமார் சொல்வது வீண் பேச்சன்று போலும்! 1990-இல் சப்பானிய மருத்துவர்கள் ஒரு நெஞ்சு நோயைக் கண்டறிந்து பெயரிட்டார்கள். பேரதிர்ச்சிக்குப் பின், இரத்தக் குழாயில் அடைப்பு ஏதும் இல்லாமலே, இதயத்தின் ஒரு பகுதி சோர்ந்து ஊதிப்போகின்றது. கணவாய் இனத்து எண்காலியைப் பிடிக்க அந்நாட்டு மீனவர் கடலில் இறக்கும் பானையின் வடிவில் அது தோன்றியதால், ‘தக்கோட்சுபோ’ என்று அப்பானையின் பெயரையே இட்டார்கள். பெரும்பாலும் நடுவயது கடந்த பெண்களை இது தாக்குகின்றது. உரிய காலத்தில் கவனித்தால் பலரும் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர் என்பது ஆறுதல்.

இனி, சங்கம் வைத்திருக்கும் நமக்கு நெருங்கிய செய்தி ஒன்று. 1997-இல் அமெரிக்காவில் 276 பேர் தாமாக முன்வந்து, சளிக் கிருமியைத் தம் மூக்கில் சொட்டிக்கொள்ள இசைந்தார்கள். கிருமி எல்லார்க்கும் ஒன்றே. சளி பிடித்ததோ எல்லார்க்கும் அன்று. அவர்கள் எத்தனை வகை உறவில் வாழ்கின்றார்கள் என்று முன்னரே எண்ணி வைத்திருந்தார்கள். மனைவி அல்லது கணவன், பெற்றோர், மக்கள், அண்டை வீட்டார், நண்பர், உடன் வேலை செய்வோர், சங்கம் முதலிய அமைப்புகள் எனப் பன்னிரண்டு வகை. மூன்று அல்லது அதற்குக் குறைந்த வகை உறவுடையார்க்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஆறும் அதற்கு மேலும் உடையாரை நோக்க நான்கு மடங்குக்குச் சற்று மிகுதி. உறவினர் எண்ணிக்கை பெரிதன்று. உறவு பலவகைத்தாய் இருத்தலே பெரிது என்று கண்டார்கள்.

புலம்பெயர்ந்தோர் பற்றிய ஆராய்ச்சியும் உண்டு. சப்பானில் வாழும் சப்பானியர், அவாய்த் தீவுகளுக்குச் சென்றவர், அமெரிக்கப் பெருநிலத்தில் கலிபோர்னியாவில் குடியேறியவர் ஆகிய மூவகையினரையும் 1965 முதல் ஒப்பிட்டு ஆய்ந்தார்கள். தாயகத்தில் மாரடைப்பு மிகக் குறைவு, அவாயில் இடைநிலை, கலிபோர்னியாவில் மிகுதி. உணவு மாறியதால்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். அவர்களும் முதலில் அவ்வாறே எண்ணினார்கள். ஆனால் 1976-இல் மார்மட், சைம் என்னும் இருவர் கலிபோர்னியாவில் உள்ளோரை மட்டும் தனித்து நோக்கினார்கள். தம் மொழியும் தம்மவர் கூட்டுறவும் விடாது, ஒருவர்க்கொருவர் துணையாய் வாழ்ந்த குடும்பத்தார்க்கு நோய் தாயகத்து அளவே இருந்தது. அவற்றை அறவே விட்டவர்க்கு மூன்று முதல் ஐந்து மடங்கு வரை மிகுந்திருந்தது. உணவும் புகைப்பழக்கமும் இரத்த அழுத்தமும் இவ்வேறுபாடு முழுமைக்கும் காரணம் ஆகவில்லை. புதிய நாட்டில் புதியன கற்கலாகாது என்பது இதன் பொருளன்று. இந்தியும் வங்காளமும் நம் குழந்தைகள் கற்கட்டும். ராஞ்சிக்காரர் வீட்டுத் திருமணத்திலும் மலையாளி வீட்டு ஓணத்திலும் அவர்கள் உண்ணட்டும். அவையும் உறவுதாமே.

அந்த மார்மட் பின்னர் இலண்டன் அரசு அலுவலர்களை ஆய்ந்து, கீழ்நிலை ஊழியர் நெஞ்சு நோயால் இறக்கும் விகிதம் உயர்நிலை அதிகாரிகளினும் ஏறத்தாழ மும்மடங்கு என்றார். அவர்களுள் பசியால் வாடியவர் இலர். தம் வேலையில் தமக்குச் சொல்லுரிமை இல்லாமையும் ஒரு நோய்க்காரணம் என்பது அவ்வாராய்ச்சியின் வழியே பின்னர்த் தெளிவாயிற்று. பணி நிலைக்குமா நிலைக்காதா என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நம் தினக்கூலி மஸ்தூர்கட்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அயல்நாட்டுச் செய்திகளை விடுத்து நம் தீவுக்கே வருவோம். பேருந்து ஏறினால் சென்று காணும் தொலைவில் செல்லுலார் சிறை நிற்கின்றது. நம்மைக் காண வரும் சுற்றத்தாரை அழைத்துச் சென்று காட்டுகின்றோம், படம் எடுத்துக்கொள்கின்றோம். 1906-இல் கட்டி முடிந்த அதன் ஏழு சிறகுகளும் ஒன்றன் முகம் மற்றொன்றன் முதுகை நோக்குமாறு அமைந்தமை எதற்காக? ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் கூடக் காணலாகாது என்பதற்காகவே. செக்கும் சவுக்கும் உடலைத் தண்டித்தன. அச்சுவர்கள் உள்ளத்தைத் தண்டித்தன. அலிப்பூர் வழக்கில் நாடு கடத்தப்பட்ட உல்லாசுகர் தத்தர் என்னும் வங்க இளைஞர் 1912-இல் அங்கே கடுங்காய்ச்சலுற்று அறிவு கலங்கினார். சென்னை மனநோய் மருத்துவமனைக்கு அவரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். 1920-இல் விடுதலையானபின் தம் மக்களிடையே மீண்டு, 1965 வரை வாழ்ந்தார். அச்சிறையின் மாடியில் நின்று கடலைக் காட்டும்போது, தனிமையே தண்டனைக் கருவியாயிற்று என்பதையும் பிள்ளைகட்குச் சொல்லுங்கள்.

2004 டிசம்பர் 26-ஐ இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க முடியாது. நிக்கோபார்த் தீவுகளிலிருந்து உயிர் பிழைத்தோரைக் கப்பல் கப்பலாய்ப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். (2024 முதல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சல் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்களும் அப்பேரலையின் வாய்ப்பட்டன, ஒருமுறை கடல் கடந்து வேரூன்றியவர்கள் மறுமுறையும் பெயர்க்கப்பட்டார்கள். அப்போது பெங்களூர் நிம்கான்சு மனநல நிறுவனத்து மருத்துவர்கள் இங்கு வந்து முதல் மூன்று திங்கள் பணி செய்தார்கள். அவர்கள் கண்டது யாது? வேற்றிடத்து முகாம்களுக்குப் பெயர்ந்து வந்தோருள் 5.2 விழுக்காட்டினர்க்கு மனநோய்க் குறிகள் இருந்தன. தம் தீவிலேயே தங்கிவிட்டோருள் 2.8 விழுக்காடே. அலை இருசாரார்க்கும் ஒன்று. இழப்பும் இருசாரார்க்கும் உண்டு. பெயர்ந்து வந்தவரிடம் திடீர் அச்சமும் காரணம் புலப்படாத உடல் நோவுகளும் மிகுந்து காணப்பட்டன. நம் அன்பரின் வயிற்றெரிச்சலை இங்கே நினைவு கூருங்கள். துயருற்றோரைத் தாங்கி நின்றவை எவை என்றும் அவர்கள் குறித்தார்கள்: குடும்பம், ஒன்றுபட்ட சமூகம், தந்நலம் கருதாத ஊர்த்தலைவர்கள், இறைநம்பிக்கை.

அப்படியாயின் மருந்து வேண்டா, மனம் நன்றாயிருந்தால் போதும் என்று யாம் சொல்வதாக எவரும் கொள்ளவேண்டா. காசத்தை உண்டாக்குவது கிருமி. அதற்கு மாத்திரையைத் திங்கட்கணக்கில் தவறாது உண்ணவேண்டும். இன்சுலின் வேண்டியவர்க்கு அன்புரை இன்சுலின் ஆகாது. ஆழ்ந்த மனச்சோர்வும் நோயே; அதற்கும் மருந்து உண்டு. “எல்லாம் உன் மனத்தால் வந்தது” என்று நோயாளியின் தலையிலேயே பழியை ஏற்றுவது, “ஒன்றும் இல்லை” என்பதினும் கொடிது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிபுரிவோனையும் ஒரு கூறாகச் சேர்த்தெண்ணுகின்றது. மருந்தைத் தள்ளவுமில்லை, மருந்தோடு நிறுத்தவுமில்லை. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் 1957-இல் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியுடன் அவர் குடும்பத்தாரும் வந்து தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே அமைத்தார்கள். இதற்கு மாறான வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு, நம்முள் பலர்க்குச் சொந்த மாவட்டமாகிய இராமநாதபுரத்து ஏர்வாடியே சான்று. 2001 ஆகத்து 6-ஆம் நாள் விடியற்காலையில், தனியார் மனநல இல்லம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட இயலாது 28 பேர் மாண்டனர். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே விலக்கியுள்ளது. நோயுற்றவரைக் கப்பலேற்றி எங்கேனும் விட்டுவருவது பற்றி இனியும் பேசுவோர் நம் குடியிருப்பில் இருந்தால், அவர்கள் இதனை அறிதல் வேண்டும்.

இப்போது சொல்லவிருப்பது கசப்பானது. தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோர் கணக்கை நடுவணரசின் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடுகின்றது. 2022-இல் இந்தியா முழுவதற்கும் இலட்சம் பேருக்கு 12.4. நம் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் 42.8. நம் மக்கள்தொகை நான்கு இலட்சம் அளவே. சிறு எண்ணிக்கை கூடினும் குறையினும் விகிதம் பெரிதும் மாறும் என்பது மெய். ஆயினும் பல ஆண்டுகளாகவே நம் தீவுகள் இப்பட்டியலின் முன்வரிசையில் நிற்கின்றன. நாட்டளவில் காட்டிய காரணங்களுள் குடும்பச் சிக்கல் 31.7 விழுக்காடு; அதற்கடுத்தது நோய், 18.4 விழுக்காடு. கடலும் காடும் தூய காற்றும் உடைய இத்தீவைச் சுற்றுலா வருவோர் சொர்க்கம் என்கின்றார்கள். அவர்கள் ஆறு நாள் தங்குகின்றார்கள்.

தாய்மார்களுக்குத் தனியே ஒரு சொல். மணமாகி இத்தீவுக்கு வந்த பெண்ணுக்குத் தலைப்பிள்ளைப் பேற்றின்போது தாய்வீடு மூன்று நாட் கப்பல் தொலைவில் இருக்கின்றது. பிள்ளை பெற்ற சில வாரங்களில் அவள் காரணமின்றி அழுதால், பிள்ளையை எடுக்க மனமின்றி இருந்தால், “கொழுப்பு” என்று சொல்லாதீர்கள். அது பலர்க்கும் வருவது, மருத்துவத்தால் தீர்வது. அவ்வீட்டில் ஒரு வேளை சமைத்துக் கொடுத்து, அவளை இரண்டு மணி நேரம் உறங்கவிடும் அத்தை ஒருத்தி அடுத்த வீட்டில் இருந்தால், பாதி நோய் அப்போதே இறங்கும்.

சங்கச் செயற்குழுவின் இசைவோடு ஒன்றை இங்கு அறிவிக்கின்றோம். வரும் திங்கள் முதல், நம் குடியிருப்பில் இறப்பு, பேறுகாலம், வேலையிழப்பு, நெடுநோய் எது நேர்ந்தாலும், சங்கத்தார் இருவர் அவ்வீட்டுக்கு வாரம் ஒருமுறை செல்வார்கள். பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பெண்கள் இருவர். நன்கொடைப் புத்தகம் எடுத்துச் செல்லலாகாது. அறிவுரை கூறலாகாது. அமர்ந்து காப்பி குடித்துவிட்டு, அவர்கள் பேசினால் கேட்டுவிட்டு வரவேண்டும். நடுவணரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநலத் தொலைபேசியின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணைச் சங்கக் கட்டடத்தின் கதவில் எழுதி ஒட்டியிருக்கின்றோம். “வாழ்ந்து என்ன பயன்” என்று வீட்டில் எவரேனும் சொன்னால், விளையாட்டென்று விடாது, அவரைத் தனியே விடாது, உடனே அவ்வெண்ணுக்கோ மருத்துவமனைக்கோ சொல்லுங்கள். அவ்வாறு கேட்டால் எண்ணம் வலுத்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றார்கள். கேட்பதால் அது வலுப்பதில்லை என்றே மருத்துவர் கூறுகின்றனர்.

நம் அன்பரைப் பற்றிச் சொல்லி முடிப்போம். மருத்துவர் தந்த மாத்திரையைச் சில திங்கள் உண்டார். இன்னும் உண்டு வருகின்றார். குடி முற்றும் நின்றதென்று சொல்வதற்கில்லை, குறைந்திருக்கின்றது. தாயின் முதலாண்டு நினைவு நாளன்று கடற்கரையில் நீர்க்கடன் செய்தார். நம்மவர் பதினைந்து பேர் உடன் சென்றிருந்தோம். அன்று மழை விடாது பெய்தது; குடைகள் நான்கே இருந்தன. கரையேறியதும் “பசிக்கிறது” என்றார். அவர் மனைவியார் எம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். அச்சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு ஓராண்டு ஆயிற்றாம்.

இன்றைய விருந்துக்குச் சாம்பார் அவர் பொறுப்பு. மணம் இங்கு வரை வருகின்றது. குழந்தைகளின் சலங்கையொலியும் கேட்கின்றது.